அழுத்தக் கூடாத இடம்

குற்றாலம் போயிருக்கீங்களா? போயிருந்தா ரோட்டோரத்துல "எண்ணெய் மசாஜ்"னு போர்டு மாட்டின சின்னச் சின்னக் கடைகளைக் கண்டிப்பா பார்த்திருப்பீங்க. வாசல்ல வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஒருத்தர், "எண்ணெய் தேய்ச்சுக் குளிங்க சார்"னு கூப்பிட்டிருப்பார். அந்த மாதிரி ஒரு கடையில எங்க அப்பா 22 வருஷமா வேலை பார்க்கிறார். அதாவது, நான் பிறக்குறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுட்டார். நான் இங்கிலீஷ் மீடியத்துல படிச்சதும், இப்போ ஃபைனல் இயர் மெக்கானிக்கல் படிக்கிறதும் அந்தக் காசுலதான்.

ஹாஸ்டல்ல இதைச் சொன்னா முதல்ல ஒரு சிரிப்பு வரும். "மசாஜா மச்சி?"ன்னு எவனாவது கண்ணடிப்பான். சினிமாவும் செய்தியும் சேர்ந்து அந்த வார்த்தைக்கு வேற ஒரு அர்த்தத்தை ஒட்டி வச்சிருக்கு. அதை உரிச்சுப் போட்டா உள்ளே என்ன வேலை இருக்குன்னு உங்களுக்குச் சொல்லலாம்னுதான் இதை எழுதுறேன்.

சீசன்னா ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரை. தென்மேற்குப் பருவக்காத்துல சாரல் அடிக்கும், அருவியில தண்ணி விழும். அப்புறம் கார்த்திகை, மார்கழியில ஐயப்ப பக்தர்கள் கூட்டம். இந்தச் சில மாசத்துல சம்பாதிக்கிறதை வச்சுத்தான் எங்க வீட்டுல வருஷத்தை ஓட்டணும். மத்த மாசங்கள்ல அப்பா பெயிண்ட் அடிக்கப் போவார். வெள்ளம் வந்து அருவியில குளிக்கத் தடை போட்டா அன்னைக்குக் கடையில ஈ ஓட்ட வேண்டியதுதான். கொரோனாவால 2020, 2021 ரெண்டு வருஷமும் சீசனே இல்லை.

நல்ல சீசன்ல காலையில அஞ்சரை மணிக்குக் கடையில இருப்பார். நல்லெண்ணெயைக் கை பொறுக்கிற சூட்டுல வச்சுக்குவார். ஒரு ஆளுக்கு முக்கால் மணி நேரம். தலையில ஆரம்பிச்சு தோள், முதுகு, கை, கால்னு வருவார். கையும் காலும் தேய்க்கும்போது இதயத்தைப் பார்த்து மேல் நோக்கித்தான் நீவணும். ஞாயித்துக்கிழமைன்னா 12 பேர் வரைக்கும் வருவாங்க. வாங்குற காசுல பாதி கடைக்காரருக்கு. அருவியில எண்ணெய், சோப்பு, ஷாம்புக்கெல்லாம் தடை இருக்கிறதால, தேய்ச்சு முடிச்சவங்க கடைக்குப் பின்னாடி குழாயில சீயக்காய் போட்டுக் குளிச்சுட்டுத்தான் அருவிக்குப் போகணும்.

ஒரு லீவுல நான் சும்மா அவர் தோளைப் பிடிச்சு விட்டப்போ, "கையால அழுத்தாதல, உடம்பால அழுத்து"ன்னார். கையை நேரா வச்சு, இடுப்புல இருந்து முன்னாடி சாய்ஞ்சா உடம்பு எடை தானா இறங்கும். விரலுக்கு வேலை குறையும். நம்ம லேப்ல லோடு எங்கிருந்து எங்கே போகுதுன்னு படம் போட்டுப் படிக்கிறோமே, அதேதான். அவர் படம் போடலை, அவ்வளவுதான்.

ஆனா அவர் தொழில்ல பெரிய வித்தை அழுத்துறதுல இல்லை. எங்கே அழுத்தக் கூடாதுன்னு தெரியுறதுலதான் இருக்கு. காய்ச்சல்னா தொட மாட்டார். இப்போதான் ஆபரேஷன் பண்ணினவங்க, குடிச்சுட்டு வர்றவங்க, வயிறு முட்டச் சாப்பிட்டு வர்றவங்க, எல்லாருக்கும் "அப்புறம் வாங்க சார்"தான். சுருள் சுருளா நரம்பு புடைச்ச கால்ல கையை வைக்கவே மாட்டார்.

போன வருஷம் ஆடி மாசம் நாலு பேர் வந்தாங்க, நம்ம வயசுதான். ஒருத்தனுக்குக் கால்ல கட்டு பிரிச்சுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, தொட்டா சுட்டுது. "இது தேய்க்கிற கால் இல்லை தம்பி, ஆஸ்பத்திரியில காட்டுங்க"ன்னார் அப்பா. ரொம்ப நாள் அசையாம இருந்த கால்ல ரத்தம் உறைஞ்சிருக்கலாம். அதை அழுத்தித் தேய்ச்சா கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் உயிரையே எடுக்கலாம். இது நான் அப்புறம் தேடிப் படிச்சது. அவருக்கு அந்த இங்கிலீஷ் பேரெல்லாம் தெரியாது. வீக்கமும் சூடும் தெரியும். அவங்க "காசு தர்றோம்ல?"ன்னு சத்தம் போட்டுட்டு நாலு பேருமா எழுந்து போயிட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போனாங்களா, பக்கத்துக் கடைக்குப் போனாங்களான்னு தெரியாது. அன்னைக்கு ராத்திரி அவர் சரியாச் சாப்பிடலை.

கழுத்துல சொடக்கு எடுக்கிறதும் அப்படித்தான். ரீல்ஸ் பார்த்துட்டு வந்து எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. கழுத்தெலும்பு வழியா மூளைக்குப் போற ரத்தக்குழாய் இருக்கு. கழுத்தைத் திடீர்னு திருகினா அது கிழிஞ்சு பக்கவாதம் வர வாய்ப்பு இருக்கு. அரிதுதான், ஆனா நடந்திருக்கு. அப்பா முடியாதுன்னுடுவார். அதுக்காகவே சில பேர் வேற கடைக்குப் போறாங்க. கடைக்காரர் முகம் சுளிப்பார். ஜப்பான்ல மசாஜ் தொழிலுக்கு மூணு வருஷம் படிச்சு அரசுத் தேர்வு எழுதணும். இங்கே அப்பாவுக்கு சர்டிபிகேட் எதுவும் கிடையாது. அதனால அவர் "வேண்டாம்"னு சொன்னா அது அறிவாத் தெரியாது, திமிராத்தான் தெரியும்.

இத்தனை பேர் வலியை எடுத்த கை இப்போ எப்படி இருக்குன்னு கேக்குறீங்களா? கட்டைவிரல் அடி மூட்டு ரெண்டு கையிலயும் தேய்ஞ்சிருக்கு. தண்ணி பாட்டில் மூடியைத் திறக்க அம்மாகிட்ட நீட்டுவார். ரேஷன் கடையில கைரேகை விழாம மூணு நாலு தடவை வைக்கணும். ராத்திரி வெந்நீர்ல உப்புப் போட்டுக் கையை முக்கிக்கிட்டு டிவி பார்ப்பார். பி.எஃப், இ.எஸ்.ஐ எதுவும் கிடையாது. மூட்டு எத்தனை சீசனுக்குத் தாங்குமோ, அத்தனை சீசன்தான் வேலை. எனக்கு ஆஃபர் லெட்டர் வந்ததும், "போதும்ப்பா, விட்டுடுங்க"ன்னேன். "நீ முதல்ல சேருல"ன்னு சொல்லிட்டு விட்டுட்டார்.

வர்ற ஆடியில நீங்க கேங்கா குற்றாலம் கிளம்புவீங்க. தேய்ச்சுக்கணும்னா காலையில வெறும் வயித்தோட போங்க. குடிச்சுட்டுப் போகாதீங்க. அடிபட்டது, ஆபரேஷன், மாத்திரை எதுவா இருந்தாலும் முதல்லயே சொல்லுங்க. கழுத்துச் சொடக்கு கேக்காதீங்க. "இது வேண்டாம் தம்பி"ன்னு ஒருத்தர் சொன்னா, அவர் தன்னோட ஒரு ஆள் கூலியை விட்டுட்டுச் சொல்றார்னு புரிஞ்சுக்கோங்க.

குப்புறப் படுத்திருக்கும்போது "வலிக்குதா தம்பி?"ன்னு அவர் ரெண்டு மூணு தடவை கேப்பார். காசு குடுக்கும்போது நீங்களும் ஒரு தடவை அவர்கிட்ட அதையே கேட்டுட்டு வாங்க.