கதைக்கக் கூடாத ராஜா

மார்வெலில் யாரைப் பிடிக்கும் என்று கேட்டால் நான் பிளாக் போல்ட் என்பேன். “ஆர் அது?” என்றுதான் கனபேர் திருப்பிக் கேட்பார்கள். 2022இல் வந்த ‘டொக்டர் ஸ்ட்ரேஞ்ச் இன் த மல்டிவேர்ஸ் ஒஃப் மேட்னஸ்’ படம் பார்த்திருப்பீர்கள். நெற்றியில் இசைக்கவை மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வந்துவிட்டுச் செத்துப்போவாரே, அவர்தான்.

ஆள் புதுசில்லை. 1965இல் ஸ்டான் லீயும் ஜாக் கேர்பியும் ‘ஃபன்டாஸ்டிக் ஃபோர்’ 45ஆவது இதழில் கொண்டுவந்த பாத்திரம். இன்ஹியூமன்ஸ் என்ற கூட்டத்தின் ராஜா. குரல்தான் ஆயுதம். கிசுகிசுத்தாலே கட்டடம் சரியும், வாய்விட்டுக் கத்தினால் நகரம் மிஞ்சாது. அதனால் குழந்தையாக இருந்தபோதே சத்தம் வெளியே போகாத ஓர் அறைக்குள் வைத்து வளர்த்து, 19 வயதில்தான் வெளியே விடுகிறார்கள். அதற்குப் பிறகும் வாய் திறப்பதில்லை. நித்திரையில்கூட முனகக் கூடாது. கதவிடுக்கில் விரல் நசிந்தால் வருமே ஒரு ‘ஆ’, அதுவும் கூடாது. பறக்கிறது, இரும்பை வளைக்கிறது எல்லாம் இதுக்கு முன்னால சும்மா.

ஆனால் என்னை உலுக்கியது சக்தியின் அளவு இல்லை. அவர் என்ன சொல்கிறார் என்பதைப் பற்றி அந்தக் குரலுக்கு அக்கறையே கிடையாது. 2017இல் வந்த ‘இன்ஹியூமன்ஸ்’ தொடரில் (தொடர் படுமோசம், எட்டு எபிசோட்டோட நிப்பாட்டினது நல்லது) சின்ன வயதில் தாய் தகப்பனைப் பார்த்து ‘ஏன்?’ என்று ஒரு கேள்வி கேட்கிறான். இரண்டு பேரும் அந்த இடத்திலேயே இல்லாமல் போகிறார்கள். படத்தில் ஸ்ட்ரேஞ்சுக்கு மரணதண்டனை கொடுக்கும்போது அவர் சொல்வது ஒரு ‘சொறி’. உண்மையாகவே கவலைப்பட்டுச் சொல்கிற சொறி. அதுதான் ஆளைக் கொல்லுது.

‘ஜுஜுட்சு கைசென்’ பார்த்தவர்களுக்கு இனுமாக்கி ஞாபகம் வரலாம். அவன்ர கதை வேற. அவன் ‘நில்’ என்றால் எதிரி நிற்பான். சொல்லின் அர்த்தம்தான் அங்கே வேலை செய்கிறது. அதனால் சோற்று உருண்டைக்குள் வைக்கிற சாமான்களின் பெயர்களை மட்டும் சொல்லித் தப்பிக்கொள்வான். சால்மன் என்றால் ஓம். பிளாக் போல்ட்டுக்கு அந்த வழியும் இல்லை. சால்மன் என்று சொன்னாலும் ஊர் இடியும்.

இந்த இரண்டு வகையும் எங்கட ஆக்களுக்குத் தெரியாததில்லை. சொன்னது பலிக்குமென்றால் கருநாக்கு. ‘பிள்ளை நல்லாக் கொழுத்திருக்கு’ என்று பாராட்டினாலே பிள்ளைக்குக் காய்ச்சல் வருமென்றால் நாவூறு. எங்கள் சின்னம்மா ஒருவருக்கு இரண்டு பட்டமும் இருக்கிறது. நான் பிறக்க முதல், மாமா புது மோட்டர்சைக்கிள் எடுத்தபோது “கவனமா ஓடுங்கோ” என்றாராம். அந்தக் கிழமையே மாமா விழுந்து கால் முறிஞ்சிட்டுது. அவ்வளவுதான். சாமத்தியவீடு, கலியாணவீடு எதிலும் சின்னம்மா முன்னுக்கு வருவதில்லை. பின்பக்கம் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருப்பார். போன வருஷம் அக்காவுக்குக் குழந்தை பிறந்தபோது எல்லாரும் ஏதேதோ சொல்லிக் கொஞ்சினார்கள். சின்னம்மா குழந்தையின் பாதத்தை ஒருக்காத் தொட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் குசினிக்குள் போய்விட்டார்.

பிளாக் போல்ட்டின் மௌனத்தைத் தியாகம் என்று கொண்டாடுகிறோம். அவருக்குச் சக்தி உண்மையிலேயே இருக்கிறது. சிம்மாசனம் இருக்கிறது. முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டு அவருக்காகச் சபையில் கதைக்க மெடுசா என்ற மனைவியும் இருக்கிறாள். சின்னம்மாவுக்கு என்ன சக்தி? ‘கவனமா ஓடுங்கோ’ என்று நாங்கள் எல்லாரும்தான் சொல்கிறோம். அவர் அன்றைக்கு வாய் திறக்காமல் இருந்திருந்தாலும் மாமா அதே வேகத்தில்தான் ஓடியிருப்பார். ஆனால் சபையில் அதைச் சொல்ல இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் எழும்பவில்லை.

சலாடின் அஹ்மட் எழுதி 2017இல் தொடங்கின ‘பிளாக் போல்ட்’ கொமிக்கை அதனால்தான் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். அதில் அவரை ஒரு சிறையில் அடைத்து, குரலின் சக்தியைப் பறித்துவிடுகிறார்கள். ராஜாவுக்கு அது தண்டனை. ஆனால் ஆருக்கும் ஒன்றும் ஆகாமல் அவரால் கதைக்க முடிகிறது. அங்கே கூட்டாளியாகக் கிடைப்பவன் க்ரஷர் க்ரீல் என்ற பழைய வில்லன். அவன் தன் வாழ்க்கையைச் சொல்லச் சொல்ல இவர் கேட்கிறார். சண்டைக் காட்சிகளை விடுங்கோ, அந்தப் பக்கங்களுக்காகவே வாசிக்கலாம்.

சின்னம்மாவும் குசினிக்குள் என்னோடு தனியாக இருந்தால் நிறுத்தாமல் கதைப்பார். போன லீவில் நான் ஃபோனில் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, “என்ன இவன், வாயைக் காணேல்ல?” என்று எட்டிப் பார்த்தார். முழுக்கதையும் சொன்னேன். வெங்காயம் உரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தவர், “அவன்ர மனிசி பாவம்” என்றார். “ஒரு நாளைக்காவது வாய்விட்டுச் சண்டை பிடிக்கேலாதே.”