அட்டையின் வயிற்றில் ஒரு குலவரலாறு

1907 ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த மியூரியல் றொபேட்சன் என்னும் இளம்பெண் இலங்கைக்கு வந்தார். அவர் நாடி வந்தவை இங்குள்ள ஆமை முதலிய ஊர்வனவற்றின் குருதியில் வாழும் ஒருகல ஒட்டுண்ணிகள். கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் 1905 இல் அவர் பெற்றது எம். ஏ. பட்டம் என்பதைக் கலைப்பீடத்தார் சற்றுப் பெருமையோடு நினைத்துக்கொள்ளலாம்.

குளிர்க்குருதி விலங்குகளில் இத்தகைய உயிர்கள் உண்டென்பது முன்னரே அறியப்பட்டிருந்தது. தவளையின் குருதியில் நெளிந்தோடிய ஒன்றுக்கு 1843 இல் குரூபி என்பார் திரிப்பனோசோமா எனப் பெயரிட்டார். ஆமையின் செங்குழியத்துள் உறைந்த வேறொன்றுக்கு 1885 இல் தனிலெவ்ஸ்கி இட்ட பெயர் ஈமோகிரகரினா. அதன் பின்னர்ப் பெயர்கள் மலிந்தன. புதிய விலங்கொன்றின் குருதியிற் கண்டது பெரும்பாலும் புதிய இனமாயிற்று. செங்குழியத்துள் வளைந்து கிடக்கும் ஈமோகிரகரினாக்களை நுணுக்குக்காட்டியின் கீழ் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிதல் அரிது. எனவே குடியிருக்கும் வீட்டைக்கொண்டே குலம் தீர்மானிக்கப்பட்டது.

றொபேட்சன் குருதியோடு நின்றுவிடவில்லை. பாலாமையின் திரிப்பனோசோமா அட்டையின் குடலில் உருமாறி வளர்வதைக் கண்டு 1909 இல் எழுதினார். கறுப்பு ஆமையின் ஈமோகிரகரினா பற்றிய கட்டுரை 1910 இல் வெளிவந்தது. ஈமோகிரகரினா ஆமையின் உடலில் இலிங்கமின்றியே பெருகுகிறது. ஆண், பெண் கலங்கள் கூடுவதோ அட்டையினுள்ளே. அவ்வாறாயின் அதன் சொந்த வீடு எது?

இது வெறும் சொல்விளையாட்டன்று. ஈமோகிரகரினா அட்டை கடிப்பதாற் பரவும். ஹெபற்றோசூன் என்னும் சாதியோ நுளம்பு, உண்ணி முதலியவற்றை விலங்கு விழுங்குவதாற் பரவும். செங்குழியத்துள் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். பாம்புகளில் ஈமோகிரகரினா என நெடுங்காலம் வழங்கியவை 1996 இல் ஹெபற்றோசூனுக்கு மாற்றப்பட்டன. பரம்பரையலகுகளை ஒப்பிட்டபோது அதுவும் தனிக்குலமாக நிலைக்கவில்லை. பல்லியினங்களில் வாழும் கரியோலைசசு முதலியன அதனூடே கிளைத்திருக்கக் காணப்பட்டன.

இவ்வொப்பீட்டு முறை தமிழ் பயில்வோர்க்கு அந்நியமானதன்று. இரு சுவடிகளில் ஒரே பிழை காணப்படின் அவை ஒரே மூலத்தின் வழிவந்தன எனப் பதிப்பாசிரியர் ஊகிப்பர். கலமும் படியெடுக்கையிற் பிழை செய்கிறது. பாறையிற் சுவடு பதித்தல் மிக அரிதான இவ்வுயிர்கட்கு அப்பிழைகளே வரலாற்றேடு.

திரிப்பனோசோமாக்களில் அவ்வேடு கூறுவது வியப்பானது. மீன், தவளை, ஆமை ஆகியவற்றில் வாழ்வன பெரும்பாலும் ஒரே கிளையைச் சேர்ந்தவை. ஆமையும் பல்லியும் ஊர்வனவே. ஆயினும் ஆமையின் ஒட்டுண்ணி பல்லியினதைவிட மீனினதற்கே நெருங்கிய உறவு. இவற்றைப் பிணைப்பன நீரும் அட்டையுமே. அட்டையின் குடலைத் திறந்து பார்த்தவர் தேடிய இடம் சரியானதென்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

றொபேட்சன் பின்னர் உகண்டாவிற் செற்சி ஈயின் குடலில் உறக்கநோய்த் திரிப்பனோசோமாவை ஆராய்ந்தார். 1973 இற் காலமானார். கறுப்பு ஆமையை அவர் காலத்தவர் நிக்கோரியா என்றனர். விலங்கியலார் அப்பெயரைக் கைவிட்டுவிட்டனர். அதன் ஒட்டுண்ணி மட்டும் ஈமோகிரகரினா நிக்கோரியே என்றே வழங்குகிறது.