மலைக்கதையும் ஒரு மாணவனும்



தோஹாவில் ஒரு சர்வதேசப் பள்ளியில் படிக்கும் பேத்தி நேற்று போனில் கூப்பிட்டாள். "தாத்தா, வீட்டு மொழியில ஒரு கதை எழுதிட்டு வரச் சொன்னாங்க எங்க மிஸ். முதல்ல தமிழ்ல, அப்புறம் இங்கிலீஷ்ல."

அனுமன் தூக்கிப் போன சஞ்சீவி மலையிலிருந்து சிதறிய துண்டுகள்தான் நம் நார்த்தாமலைக் குன்றுகள் என்று ஊரில் சொல்வோமே, அதைச் சொன்னேன். மேலமலை, விஜயாலய சோழீச்சரம் எல்லாம் சேர்த்து எழுதிவிட்டாள்.

போனை வைத்ததும் ஒரு முகம் ஞாபகம் வந்தது. கல் குவாரி வேலைக்கு வந்த குடும்பத்துப் பையன். வீட்டில் தெலுங்கு. கணக்கில் கெட்டிக்காரன். வகுப்பில் தெலுங்கில் பதில் சொன்னபோது, "இங்க தமிழ்லதான் பேசணும்" என்று அதட்டினேன். அவன் நல்லதுக்கு என்றுதான் நினைத்தேன். அதன்பிறகு அவன் வாயே திறக்கவில்லை. மறுவருஷம் பள்ளிக்கும் வரவில்லை.

1952 பிப்ரவரி 21 அன்று வங்கமொழிக்காக டாக்காவில் மாணவர்கள் உயிர்விட்டதையும், அந்த நாளை 1999-இல் யுனெஸ்கோ உலகத் தாய்மொழி நாளாக அறிவித்ததையும் மேடையில் பேசியவன் நான்.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். வகுப்பில் இந்தியோ ஒடியாவோ பேசும் பிள்ளை இருந்தால், அதன் மொழியிலேயே முதலில் பேசவிடுங்கள். தமிழைப் பிறகு சொல்லிக்கொடுக்கலாம்.