மூணு நாள் ஊட்டி, மாட்டை யாரு பாக்குறது?

ஊட்டி எங்களுக்கு ஒண்ணும் தொலைதூரம் இல்லைங்க. கோபியில பஸ் ஏறி சத்தி, புளியம்பட்டி வழியா மேட்டுப்பாளையம் போயிட்டா மலை கண்ணு முன்னாடி நிக்கும். ஆனாலும் கல்யாணமாகி பத்தொம்பது வருசத்துல நானும் வீட்டுக்காரம்மாவும் சேர்ந்து ரெண்டு ராத்திரி வெளியூர்ல தங்கினது கிடையாது. கட்டுத்தறியில ரெண்டு கறவை, ஒரு சினை. காலையில அஞ்சு மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் ஆள் இருந்தே ஆகோணும். பண்ணையம் பாக்குற வீட்டுல இது புதுசு இல்லையே!

இந்த மாசியில போயே தீர்றதுன்னு முடிவு பண்ணியிருக்கோம். எங்க மடைக்கு வழக்கமா ஆகஸ்ட் 15-ல திறந்து டிசம்பர் 15-ல அடைப்பாங்க. பொங்கல் முடிஞ்சு நெல்லு வீடு சேர்ந்து, வைக்கோலும் போர் போட்டாச்சுன்னா கொஞ்ச நாள் மூச்சு விடலாம். பூ பாக்கறதுக்கு மே மாசம்தான் நல்லா இருக்கும், ஆனா கூட்டம் தாங்காது. கார்ல போறவங்களுக்கு 2024 மே மாசத்துல இருந்து இ-பாஸ் வேற வேணும். நாம பஸ்ஸுல போறதால அந்தத் தொல்லை இல்லை. மாசியில ராத்திரிக் குளிர் இருக்கும், ஸ்வெட்டர் எடுத்துக்கோணும். பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்கு நீலகிரியில தடை, அதனால எவர்சில்வர் பாட்டில்.

தேதியைக் குறிச்சது சினை மாடுதான். ஊசி போட்டது ஜூன் 5. 280 நாள் கணக்குப் போட்டா மார்ச் 12 வருது. ரெண்டு வாரம் முன்னாடியே போயிட்டு வந்துடோணும். அதுலயும் சனி, ஞாயிறு வேண்டாம். பிப்ரவரி கடைசி வாரம், செவ்வாயில இருந்து வியாழன் வரைக்கும்னு வச்சிருக்கோம்.

முதல் நாள் காலையில கறந்து சொசைட்டிக்கு ஊத்திட்டு கிளம்பறது. மேட்டுப்பாளையத்துல இருந்து கோத்தகிரிக்கு பஸ். ராத்திரி அங்கயே தங்கல். ரெண்டாம் நாள் விடிஞ்சதும் கோடநாடு காட்சிமுனை. அங்கிருந்து குன்னூர் வந்து சிம்ஸ் பார்க். அப்புறம் ரயில்ல அருவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியா ஊட்டி. கேத்திப் பள்ளத்துல படிப்படியா கேரட் போட்டிருக்கறதைப் பாக்கோணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. மூணாம் நாள் காலையில தாவரவியல் பூங்கா, மத்தியானம் ரெண்டு மணி ரயிலைப் பிடிச்சு இறங்கறது.

எல்லாரும் ரயில்ல ஏறி பஸ்ஸுல இறங்குவாங்க. ஏறற ரயில் மேட்டுப்பாளையத்துல காலையில ஏழு மணி வாக்குல கிளம்புது. பால் கறந்துட்டு நாம போய்ச் சேர முடியாது. இறங்கறதுல போனா பல்சக்கரப் பாதையும் பாத்த மாதிரி ஆச்சு. குன்னூருக்கும் கல்லாறுக்கும் நடுவுலதான் அது இருக்கு. பன்னெண்டு அடி போனா ஒரு அடி ஏத்தம். 1899-ல குன்னூர் வரைக்கும், 1908-ல ஊட்டி வரைக்கும் போட்ட பாதைங்க. சாயங்காலம் மேட்டுப்பாளையத்துல இறங்கினா ராத்திரி வீடு, காலையில கட்டுத்தறி.

வீட்டுக்காரம்மாவுக்கு ஊட்டி ஏரியில படகு ஏறோணும். கோடநாட்டைச் சொன்னதும், "ஏனுங்க, மூணு நாளுல ஒரு காலைப்பொழுதை அங்க போய் எதுக்கு?"ன்னு கேட்டா. எங்கப்பா காலையில பேப்பர்ல பவானிசாகர் அணை மட்டம் எத்தனை அடின்னு பாத்துட்டுத்தான் காப்பி குடிப்பாரு. 105 அடி நெறஞ்சா அன்னைக்கு வீடே சிரிக்கும். மலையில பெய்யற மழை மாயாத்துலயும் பவானியிலயும் வந்துதான் நம்ம வாய்க்காலுக்குத் தண்ணி. கோடநாட்டுல நின்னா கீழ மாயாறும் தூரத்துல அணைத் தண்ணியும் தெரியும். அம்பது வயசு நெருங்குது, அந்தத் தண்ணியை மேல இருந்து நான் ஒரு தடவை கூடப் பாத்ததில்லை. இதைச் சொன்னதும், "சரிங்க, போலாம்"னுட்டா.

இனி மாடு. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் தைப்பூசத்துக்குப் பழனி நடந்து போனப்ப அவங்க மாட்டை அஞ்சு நாள் நாங்க பாத்தோம். "தம்பி, இப்ப எங்க முறை"ன்னு அவரே சொல்லிட்டாரு. அம்மாவும் "நான் இருக்கறனல்லோ"ன்னு தைரியம் சொல்லுது. முழங்கால் வலியோட அது குனிஞ்சு கறக்க முடியாது, தீனி போடறதைப் பாத்துக்கும்.

செவலைதான் சிக்கல். வேத்தாளு கை பட்டா பாலை அடக்கிக்கும். ரெண்டு நாள் மடியில பால் தேங்கினா மடிநோய் வந்துடும். அதனால அந்த அண்ணன் வீட்டு அக்கா பத்து நாளா சாயங்காலம் வந்து தவுடு வச்சு, தடவிக்குடுத்துட்டுப் போறாங்க. நேத்து இவ பக்கத்துல நிக்க அக்கா கறந்தாங்க. பாதிப் பால் இறங்குச்சு.

டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடி அக்கா ஒரு வேளை தனியாக் கறந்து பாக்கோணும். நாளைக்குச் சாயங்காலம் வீட்டுக்காரம்மா கட்டுத்தறிப் பக்கமே வராம உள்ளயே இருக்கோணும்னு பேச்சு. செவலை பழகிக்கும்னு நம்பிக்கை இருக்கு. இவ உள்ள இருப்பாளாங்கறதுதான் சந்தேகம்.