இரண்டு பெட்டி, ஒரு ஒயர்

காமர்ஸ் படிக்கிறவனுக்குச் செலவைக் குறைக்கிற புத்தி தானாக வந்துவிடும் என்பார்கள். அந்தப் புத்தியால் எங்கள் பாட்டா பத்து நாள் நியூஸ் பார்க்காமல் கிடந்த கதை இது.

எங்கள் வீடு தோவாளை பக்கம். பாட்டா இடுப்பெலும்பு முறிந்து பின்னறையில் படுக்கையானதும் அப்பா அவருக்கென்று தனி டிவியும் செட்டாப் பாக்ஸும் வாங்கினார். பாட்டா திருவனந்தபுரத்தில் வேலை பார்த்தவர். சாயங்காலம் மலையாள நியூஸ் கேட்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. (1956 நவம்பர் 1 வரைக்கும் நம்ம பக்கமும் திருவனந்தபுரத்தோடதானே மக்கா இருந்தது!) அதே நேரம் ஹாலில் அம்மாவுக்குத் தமிழ் சீரியல்.

டிஷ் மாட்ட வந்த அண்ணன், "எல்.என்.பி.யை மாத்தணும், மாடியிலிருந்து இன்னொரு ஒயரும் இழுக்கணும்" என்றார். நான் குறுக்கே விழுந்தேன். "எதுக்குண்ணே? கேபிள் டிவி காலத்துல ஒரு ஸ்ப்ளிட்டர் போட்டு ரெண்டு டிவி ஓட்டினோமே." அப்பா என்னைப் பெருமையாகப் பார்த்தார். கடையில் ஒரு ஸ்ப்ளிட்டர் வாங்கி நானே மாட்டினேன். இரண்டு டிவியிலும் படம் வந்தது. அன்றைக்கு வீட்டில் நான்தான் ஹீரோ.

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் பின்னறைக்குப் போனால், 'சிக்னல் இல்லை' என்று எழுதிய திரையைப் பார்த்துக்கொண்டு பாட்டா படுத்திருக்கிறார்.

"டெய்லி இந்த நேரத்துல போயிரும் மக்களே. உங்க அம்மை டிவிய அணைச்சா வந்துரும். எனக்குப் பழைய பெட்டிதான் தந்திருப்பாங்கன்னு நெனச்சேன்."

எனக்கு முகம் செத்துப் போயிற்று. யாரிடமும் கேட்கவில்லை, மனுஷன்.

அப்புறம்தான் விஷயத்தைப் படித்தேன். கேபிள் டிவியில் எல்லாச் சேனலும் ஒரே சமயம் ஒயரில் ஓடிக்கொண்டிருக்கும், பிரித்துக்கொள்ளலாம். டிஷ்ஷில் பாக்ஸ்தான் மேலே கேட்டு வாங்க வேண்டும். சாட்டிலைட் அலைகள் நெட்டுவாக்கில் ஒரு கூட்டம், கிடைவாக்கில் ஒரு கூட்டமாக வருகின்றன. பாக்ஸ் ஒயர் வழியாக 13 வோல்ட் அனுப்பினால் எல்.என்.பி. நெட்டுவாக்கு அலையைக் கீழே விடும். 18 வோல்ட் அனுப்பினால் கிடைவாக்கு. ஒரு ஒயரில் ஒரு நேரத்தில் ஒன்றுதான். இரண்டு பாக்ஸும் ஒரே ஒயரில் கேட்டால் 18 வோல்ட் கேட்பவர் பாடு கொண்டாட்டம். அம்மாவின் சீரியல் 18, பாட்டாவின் நியூஸ் 13. அம்மாவுக்கே தெரியாமல் தினமும் மாமனாரை ஜெயித்துக்கொண்டிருந்திருக்கிறார்!

அதே அண்ணனைத் திரும்பக் கூப்பிட்டோம். (அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே...) இரண்டு வாய் உள்ள எல்.என்.பி., ஒவ்வொரு பாக்ஸுக்கும் தனி ஆர்.ஜி. 6 ஒயர். நானும் கூடவே மாடியேறினேன். ஒயர் முனையைச் சீவும்போது வெளிப்பின்னலின் ஒரு நூல் நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட் ஆகிவிடும் என்று காட்டினார். சுவருக்குள் நுழையும் முன் ஒயரைக் கீழே ஒரு தொங்கல் விட்டார், மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடுமாம். ஆரல்வாய்மொழிக் காற்றுக்கு டிஷ் அசையாமலிருக்க போல்ட்டை இன்னொரு சுற்று முறுக்கினார்.

அன்று சீரியலும் நியூஸும் ஒன்றாக ஓடின. இரண்டு மழைக்காலமும் பார்க்கிற ஊர் அல்லவா, அடுத்த வாரமே ஒரு பெருமழை. டிஷ் அலைக்கு மழை ஆகாது. இரண்டு டிவியும் ஒரே நேரத்தில் போயின. பின்னறையிலிருந்து பாட்டா குரல்:

"மக்களே, உங்க அம்மைக்கும் போச்சா?"

"போச்சு பாட்டா."

"அப்ப சரி."