குமரிக்கு வந்த கிங்!

ஒரு சின்ன குவிஸ் ஃப்ரெண்ட்ஸ்! அமெரிக்க சரித்திரத்தைப் பத்தி யார் டிவி நிகழ்ச்சி எடுத்தாலும் தவறாம வந்துடற ஒருத்தர், நம்ம கன்னியாகுமரியில் ஒரு பாறை மேல உட்கார்ந்து சூரியன் மறையறதைப் பார்த்துட்டுப் போயிருக்கார். யார் அவர்?

‘விவேகானந்தர்’னு அவசரப்பட்டு பஸ்ஸரை அமுக்காதீங்க. அவர் 1892-ல் இங்கே பாறையில் உட்கார்ந்துட்டு, 1893-ல் சிகாகோ போனவர். நான் கேட்கறது அங்கேயிருந்து இங்கே வந்தவரை.

மார்ட்டின் லூதர் கிங்!

1959 பிப்ரவரி. கிங்குக்கு அப்போ 30 வயசுதான். பஸ்ஸில் வெள்ளைக்காரருக்கு ஒரு ஸீட், கறுப்பருக்கு ஒரு ஸீட்னு இருந்ததை எதிர்த்து, மாண்ட்கோமரி ஊரே 381 நாள் பஸ் ஏறாம நடந்து ஜெயிச்ச கதை முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்தப் போராட்டத்துக்கு வழி காட்டின காந்தியோட நாட்டைப் பார்க்கணும்னு மனைவி கொரெட்டாவோடு வந்தார். ஒரு மாசம் சுத்தினார். அப்படியே திருவனந்தபுரம், அங்கேயிருந்து நம்ம குமரி.

கடலுக்குள்ள கொஞ்சம் நீட்டிக்கிட்டிருந்த ஒரு பெரிய பாறையில் ரெண்டு பேரும் உட்கார்ந்தாங்களாம். மேற்கே சூரியன் இறங்க, திரும்பிப் பார்த்தா கிழக்கே நிலா ஏறிக்கிட்டிருக்கு. இதைப் பிற்பாடு ஒரு பிரசங்கத்தில் விவரிச்சிருக்கார் கிங். (அதில் கேப் காமரினைக் கேரளாவோடு சேர்த்தே பேசறார். 1956 நவம்பர் 1-லேயே நாங்க தமிழ்நாட்டோடு வந்துட்டோம் பாஸ்! கூட வந்தவங்க யாரும் சொல்லலை போல.)

மேற்கே சூரியன் இறங்கற அதே நேரத்தில் கிழக்கே நிலா ஏறணும்னா பௌர்ணமியை ஒட்டி இருக்கணுமே? இன்ஜினீயரிங் புத்தி சும்மா இருக்குமா... கணக்குப் போட்டேன். 1959 மார்ச் 24-ல் ஒரு சந்திர கிரகணம். அதிலேயிருந்து 29.5 நாள் பின்னாடி போனா பிப்ரவரி 23. கிங் தெற்கே இருந்ததும் அந்த நாட்களை ஒட்டித்தான். கணக்கு டேலி!

சரி, அந்தப் பாறை எது? செமஸ்டர் லீவுக்கு என்கூட ஊருக்கு வந்த ரூம்மேட்டை இழுத்துக்கிட்டுத் தேடக் கிளம்பினேன். அவ ஈரோட்டுக்காரி. கடலைப் பார்த்ததும் கிங்கை மறந்துட்டு அலையில் இறங்கிட்டா. நான் மட்டும் காந்தி மண்டபத்துப் பக்கமா ஒவ்வொரு பாறையா பார்த்துக்கிட்டே போனேன். எல்லாப் பாறையும் கடலுக்குள்ள நீட்டிக்கிட்டுத்தான் இருக்கு!

அன்னிக்கு விவேகானந்தர் பாறையில் மண்டபம் கிடையாது. அது வந்தது 1970-ல். திருவள்ளுவர் சிலை 2000-ல். போட்டுக்கு க்யூ இல்லை, ஐஸ்க்ரீம் வண்டி இல்லை. 1956-ல் கட்டின காந்தி மண்டபம் மட்டும் புதுசா நின்னிருக்கும். அதையெல்லாம் மனசுக்குள்ள அழிச்சுட்டுப் பார்த்தா, கிங் பார்த்த கடல் கொஞ்சம் தெரியுது.

பக்கத்தில் பாசிமாலை வித்துக்கிட்டிருந்த அக்காகிட்ட கேட்டேன். “சினிமாக்காரரா பிள்ளே? எப்போ ஷூட்டிங்?”ன்னாங்க. போட்டோ எடுக்கற அண்ணன் ஒருத்தர் ரொம்ப கான்ஃபிடன்ட்டா, “லூதர் தானே... சபையைப் பிரிச்சவரு. அவரு இங்க எங்க வந்தாரு?”ன்னார். திரும்பின பக்கமெல்லாம் சர்ச் இருக்கற மாவட்டத்தில் இந்தப் பதில் வரலைன்னாதான் ஆச்சரியம்.

எனக்கே கிங் டிவி மூலமாத்தான் அறிமுகம். ஆச்சி சீரியல் முடிஞ்சு ரிமோட் என் கைக்கு வர்றப்போ, ஹிஸ்டரி டிவி18-ல் அமெரிக்கக்காரங்க தமிழ் பேசிக்கிட்டிருப்பாங்க. 2011-ல் வந்த சேனல் அது. ‘பான் ஸ்டார்ஸ்’னு ஒரு நிகழ்ச்சி, லாஸ் வேகாஸில் ஒரு அடகுக் கடை. ஒருத்தர் அவங்க உள்நாட்டுப் போர்க் காலத்துத் துப்பாக்கியோடு வருவார். கடைக்காரர் ஒரு நிபுணருக்குப் போன் போடுவார். அவர் வந்து துப்பாக்கியோட ஜாதகத்தையே புட்டுப் புட்டு வைப்பார். அப்புறம் பேரம். டப்பிங்கில் எல்லாரும் மதுரைப் பக்கத்து சித்தப்பா மாதிரி பேசுவாங்க. ஒரு எபிசோட் விடமாட்டேன்!

ஆனா ஒரு கட்டத்துக்கு மேல தெரிஞ்சது, அமெரிக்க டிவியில் சரித்திரம் ரெண்டு ரகம். ஒண்ணு, இந்த மாதிரி துப்பாக்கி, பழைய கார், ஜெயிச்ச சண்டை. இன்னொண்ணு, “நாங்க செஞ்ச அநியாயம் இது”ன்னு தங்களையே நிறுத்திவெச்சுக் கேட்கறது. ரெண்டாவதுதான் வெயிட்டு.

‘ரூட்ஸ்’ அந்த ரகம். ஆப்பிரிக்காவில் பிடிக்கப்பட்டு அமெரிக்காவில் விற்கப்பட்ட குண்டா கின்டேயும் அவன் வம்சமும். 1977 ஜனவரியில் ஏபிசி சேனல் தொடர்ந்து எட்டு ராத்திரி போட்டது. புத்தகமா தமிழில் நம்ம ஆளுங்களுக்குத் தெரியும்... ‘ஏழு தலைமுறைகள்’. 2016-ல் ஹிஸ்டரி சேனலே அதைத் திரும்ப எடுத்தது.

அதைவிட ஒரு படி மேல, ‘ஐஸ் ஆன் தி ப்ரைஸ்’. ஹென்றி ஹாம்ப்டன்கிற கறுப்பினத் தயாரிப்பாளரோட டாக்குமென்டரி. 1987-ல் ஆறு பாகம், 1990-ல் எட்டு பாகம். நடிகர்கள் கிடையாது. அடி வாங்கினவங்களும் அடிச்ச பக்கத்தில் நின்னவங்களும் கேமரா முன்னாடி உட்கார்ந்து பேசறாங்க. நடுநடுவே அந்தக் காலத்து நியூஸ் ஃபிலிம். 1960 பிப்ரவரி 1, க்ரீன்ஸ்பரோ ஊரில் வெள்ளைக்காரருக்கு மட்டும்னு இருந்த சாப்பாட்டு கவுன்ட்டரில் போய் உட்கார்ந்து காபி கேட்ட நாலு பசங்க யார் தெரியுமா? காலேஜ் ஃபர்ஸ்ட் இயர்! நாம ஃபர்ஸ்ட் இயரில் சீனியர்கிட்ட பேசவே பயந்தோம்.

1965 மார்ச் 7, செல்மா. ஓட்டுரிமை கேட்டு நடந்தவங்களைப் போலீஸ் அடிச்சு விரட்டின அன்னிக்கு ராத்திரி, ஏபிசி ஓடிக்கிட்டிருந்த சினிமாவை நடுவில் நிறுத்திட்டு அந்தக் காட்சியைப் போட்டது. அந்த சினிமா நாஜிகளை விசாரிச்ச கோர்ட் பத்தின ‘ஜட்ஜ்மென்ட் அட் நியூரம்பர்க்’. வீட்டு சோபாவில் உட்கார்ந்து “ஜெர்மன்காரன் எவ்வளவு மோசம்”னு பார்த்துக்கிட்டிருந்தவங்களுக்கு அப்போ எப்படி இருந்திருக்கும்!

ஒரு வில்லங்கமும் உண்டு. அந்த டாக்குமென்டரியில் வர்ற பழைய காட்சிகளுக்கும் பாட்டுகளுக்கும் வாங்கின உரிமைக் காலம் முடிஞ்சுபோய், தொண்ணூறுகளோட நடுவிலேயிருந்து அதை டிவியில் போடவே முடியலை. பணம் திரட்டி, மறுபடி உரிமை வாங்கி, 2006-லதான் திரும்ப வந்தது.

இதெல்லாம் சொல்லிக்கிட்டே மட்டிப்பழம் உரிச்சுக்கிட்டிருந்தேன். ரூம்மேட் சட்டுனு கேட்டா. “அது சரி டி. உங்க ஊர்ல இந்த மாதிரி எதுவும் நடக்கலையா?”

“வா”ன்னு பஸ் ஏத்திட்டேன்.

சாமித்தோப்பு. கன்னியாகுமரியிலேயிருந்து பக்கம்தான். அய்யா வைகுண்டரோட பதி. உள்ளே போற ஆண்கள் சட்டையைக் கழட்டிட்டு, தலையில் துண்டைத் தலைப்பாகையா கட்டிக்கிட்டுப் போறாங்க. ஈரோட்டுக்காரிக்கு ஆச்சரியம். “கோயிலுக்குள்ள தலைப்பாகையைக் கழட்டத்தானே சொல்வாங்க?” அதான் மேட்டரே! ஒரு காலத்தில் திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதிக்காரங்க தலைப்பாகை கட்டக் கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது. ‘கட்டு’ன்னு சொன்னார் வைகுண்டர். கருவறையில் சிலை கிடையாது, நிலைக்கண்ணாடி. தலைப்பாகையோடு நிமிர்ந்து நிக்கற உன் முகத்தையே நீ பார்த்துக்கணும். பக்கத்தில் முத்திரிக் கிணறு, எல்லா சாதியும் ஒண்ணா தண்ணி எடுத்துக் குளிச்ச இடம்.

ஆண்களுக்குத் தலைப்பாகைன்னா, பெண்களுக்கு அதைவிடக் கொடுமை. மேல்சாதிக்காரங்க முன்னாடி மார்பை மறைக்காம நிக்கறதுதான் மரியாதைன்னு வெச்சிருந்தாங்க. கிறிஸ்தவத்துக்கு மாறின நாடார் பெண்கள் குப்பாயம் போட்டு, அதுக்கு மேல தோள்சீலையும் போட ஆரம்பிச்சாங்க. 1822-ல் கல்குளம் பக்கம் அவங்களை மறிச்சு அடிச்சாங்க. 1823-ல் பத்மநாபபுரம் கோர்ட் பெண்கள் பக்கம் தீர்ப்பு சொன்னது. 1829-ல் அரசு உத்தரவு: குப்பாயம் ஓகே, தோள்சீலை கூடாது. 1858, 59-ல் சந்தை சந்தையா சேலையைக் கிழிச்சாங்க. வீடுகளுக்கும் சர்ச்சுகளுக்கும் தீ வெச்சாங்க. கடைசியா 1859 ஜூலை 26-ல் அனுமதி. அதிலும் கண்டிஷன்ஸ் அப்ளை! உடம்பை மறைச்சுக்கலாம், ஆனா மேல்சாதிப் பெண்கள் உடுத்தற மாதிரி உடுத்தக் கூடாது.

இப்போ அமெரிக்க டிவியைப் பக்கத்தில் வெச்சுப் பாருங்க. திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழிச்ச உத்தரவு 1855. அமெரிக்கா சட்டத் திருத்தம் போட்டு ஒழிச்சது 1865. நாம பத்து வருஷம் முந்தி! ஆனா அங்கே அதைப் பத்தி எடுத்த படங்களை வரிசையா அடுக்கினா என் லீவே முடிஞ்சுடும். இங்கே? ஒன்பதாம் கிளாஸ் என்.சி.இ.ஆர்.டி. புக்கில் தோள்சீலைப் போராட்டம் ஒரு சின்னப் பகுதியா இருந்தது. 2016 டிசம்பரில் அதை விட்டுடச் சொல்லி சி.பி.எஸ்.இ. சர்க்குலர் அனுப்பினது. 2019-ல் அந்தப் பாடமே புக்கிலேயிருந்து போச்சு. 2023 மார்ச் 6-ல் நாகர்கோவிலில் 200-வது ஆண்டு விழா நடந்தது. மு.க.ஸ்டாலின், பினராயி விஜயன்னு ரெண்டு மாநில முதல்வர்களும் ஒரே மேடையில் நின்னாங்க. அது அன்னிக்கு நியூஸில் வந்தது. ஆனா ராத்திரி எட்டு மணிக்கு ஊரே உட்கார்ந்து பார்க்கற மாதிரி ஒரு தொடர் இன்னும் எங்க வீட்டு டிவிக்கு வரலை.

கிங் குமரிக்கு வந்தது அந்த 1859 உத்தரவுக்குச் சரியா நூறாவது வருஷம். யாராவது அவர்கிட்ட சொல்லியிருந்தா எப்படி இருந்திருக்கும்! அதே பயணத்தில் திருவனந்தபுரத்தில் தலித் பிள்ளைங்க படிச்ச ஒரு பள்ளிக்கூடம் போயிருக்கார். தலைமை ஆசிரியர் அவரை, ‘அமெரிக்காவிலேயிருந்து வந்திருக்கற நம்மைப் போன்ற ஒரு தீண்டப்படாதவர்’னு அறிமுகப்படுத்தினாராம். முதலில் சுருக்குனு இருந்தது, அப்புறம் யோசிச்சா ஆமா, நானும் அதுதான்னு பட்டதுன்னு 1965 ஜூலை 4, அவங்க சுதந்திர தினப் பிரசங்கத்தில் சொல்லியிருக்கார் கிங்.

இந்தியாவில் டிவி வந்தது அதே 1959 செப்டம்பரில். சரியா ஏழு மாசம் லேட்டு!

வீட்டுக்கு வந்ததும் ஆச்சிகிட்ட தோள்சீலை பத்திக் கேட்டேன். எண்பது வயசு. எந்த வீட்டுக் கல்யாணத்தில் யார் சண்டை போட்டாங்கன்னு வருஷத்தோடு சொல்றவங்க, இதுக்கு மட்டும், “அதெல்லாம் எதுக்கு மக்ளே இப்போ... நாணக்கேடு”ன்னு எழுந்து போயிட்டாங்க.

நான் விடலை. மறுநாள் சீரியல் முடிஞ்சதும் போனை டிவியோடு கனெக்ட் பண்ணி ‘ஐஸ் ஆன் தி ப்ரைஸ்’ போட்டேன். 1963, பர்மிங்ஹாம். ஊர்வலம் போற பிள்ளைங்க மேல தீயணைப்பு ஹோஸைத் திருப்பி விடறாங்க. தண்ணி அடிச்ச வேகத்தில் ஒரு பொண்ணு உருண்டு போறா. ஆச்சி வெத்தலை இடிக்கறதை நிறுத்திட்டாங்க.

“அந்தப் பிள்ளைகளுக்கு எத்தனை வயசு மக்ளே?”

“ஸ்கூல் பிள்ளைங்கதான் ஆச்சி.”

“இதை யாரு எடுத்தா?”

“அவங்க ஊர் டிவிக்காரங்கதான்.”

“ஊரு உலகமெல்லாம் பாக்கும்னு தெரிஞ்சா போட்டாங்க?”

“தெரிஞ்சுதான் ஆச்சி.”

விளம்பரம் இல்லாத நிகழ்ச்சி. பாகம் முடியற வரைக்கும் பேசலை. ரூம்மேட் தூங்கியே போயிட்டா. நான் டிவியை நிறுத்தப் போனப்போ, ஆச்சி சுவரைப் பார்த்துக்கிட்டு ஆரம்பிச்சாங்க.

“எனக்க ஆச்சிக்க ஆச்சி சந்தையிலேருந்து ஓடி வந்தவ மக்ளே. கையில ஒரு கடவம் கருப்பட்டி. அதையும் போட்டுட்டு...”

போனை மெதுவா கையில் எடுத்தேன். கவனிச்சுட்டாங்க.

“எடுக்கியா?”

“எடுக்கட்டா ஆச்சி?”

“எடு. முதல்ல அந்த ஃபேனை ஆஃப் பண்ணு. சத்தம் கேக்கும்.”