கனடாக்காரரும் ஒரு கிளாஸ் தண்டாயும்

ஹோலிக்கு மூணு வாரம் முன்னாடி, டொராண்டோ ஆபீசிலிருந்து ஒருத்தர் குர்கானுக்கு எங்களோட சேர்ந்து ஆணி பிடுங்க வந்தார். டிசைன் டீம். வயசு ஐம்பதைத் தொட்டிருக்கும். என் பேரைக் கேட்டதுமே "வணக்கம்" என்றார். வீடு ஸ்கார்பரோ பக்கமாம். யாழ்ப்பாணத்துக்காரங்க கடையில கொத்து ரொட்டி சாப்பிட்டுப் பழகின ஆள். பத்து வருஷமா "மதராஸி"ன்னே கேட்டுப் பழகின காதுக்கு அந்த வணக்கம் எப்படி இருந்திருக்கும்னு உங்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

டேமேஜர் அவரை என் பக்கத்து சீட்டிலேயே உட்கார வெச்சுட்டார். அப்புறமென்ன, மதியச் சாப்பாடு முழுக்க அரட்டைதான்.

ஹாக்கின்னதும் நான் தன்ராஜ் பிள்ளையை ஆரம்பிச்சேன். அவருக்கு ஹாக்கின்னா பனிக்கட்டி மேலே ஆடுறது மட்டும்தான். அவரோட டீம் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ். கடைசியா ஸ்டான்லி கோப்பை ஜெயிச்சது 1967-ல். "எங்கப்பா பார்த்தார், நான் பார்க்கலை" என்றார். 18 வருஷம் காத்திருந்து 2025-ல் கோப்பையைத் தொட்ட ஆர்.சி.பி. ரசிகர்களையே தியாகின்னு நினைச்சிட்டிருந்தேன். இவர் தெய்வப்பிறவி! இன்னொரு சமாசாரமும் சொன்னார். 1994-ல் சட்டம் போட்டு ஹாக்கியைக் குளிர்கால தேசிய விளையாட்டாவும், லக்ராஸைக் கோடைகால தேசிய விளையாட்டாவும் ஆக்கிட்டாங்களாம். சண்டை வேண்டாம்னு ஆளுக்கொண்ணு. நம்ம வீட்டுல தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பிறந்த வீடு, புகுந்த வீடுன்னு பிரிச்சுக்கிற மாதிரி.

பாட்டுப் பேச்சு வந்தப்போ ட்ராஜிக்கலி ஹிப் குழுவைப் பத்திச் சொன்னார். பாடகர் கோர்ட் டவுனிக்கு மூளையில் புற்றுநோய். குணமாகாதுன்னு தெரிஞ்சும் ஊர் ஊராப் போய்ப் பாடினார். 2016 ஆகஸ்ட் 20-ஆம் தேதி சொந்த ஊரான கிங்ஸ்டனில் கடைசிக் கச்சேரி. நாடே டிவி முன்னால உட்கார்ந்திருந்ததாம். அடுத்த வருஷம் அக்டோபரில் போயிட்டார். எஸ்.பி.பி. போன அன்னிக்கு நானும் தங்கமணியும் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பாட்டுப் போட்டு உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் எதுவும் பேசலை.

டிசைன் அவரோட தொழில். சி.என். ரயில் கம்பெனி சின்னத்தை டிஷ்யூ பேப்பரில் வரைஞ்சு காட்டினார். ஒரே கனத்தில், பேனாவை எடுக்காம ஒரே கோடு. ஆலன் ஃப்ளெமிங் 1960-ல் போட்டது. கொடியைப் பத்தியும் சொன்னார். 1965-ல் வந்த அந்த இலைக்குப் பதினோரு முனை. அசல் மேப்பிள் இலைக்கு அதைவிட அதிகம். தூரத்தில் காத்தில ஆடும்போது தெளிவாத் தெரியணும்னு குறைச்சுட்டாங்களாம். "எதைச் சேர்க்கலாம்னு யோசிக்கிறது சுலபம். எதை எடுத்துட்டா வேலை நடக்கும்னு கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம்" என்றார்.

ஹோலி அன்னிக்கு எங்க சொசைட்டிக்கு வந்தார். தண்டாய் கிளாஸை நீட்டி, "இதில் பாங் இருக்கு, யோசிச்சுக் குடிங்க" என்றேன். அசந்துட்டார். நம்ம 1985 சட்டத்துல கஞ்சாப் பூவும் சரஸும்தான் குற்றம், வெறும் இலை அதில் வராது, அது மாநிலங்களோட பாடுன்னு விளக்கினேன். சிரிப்பார்னு பார்த்தேன். கிளாஸை அப்படியே கீழே வெச்சுட்டார்.

தம்பி 2016-ல் வான்கூவரில் இறந்துட்டானாம். ஃபென்டனில். கூட இருந்த ரெண்டு பசங்க, போலீஸ் வரும்னு பயந்து இருபது நிமிஷம் யாருக்கும் போன் பண்ணலை. உயிரைக் காப்பாத்த போன் பண்றவங்க மேல, போதைப்பொருள் வெச்சிருந்ததுக்காக வழக்குப் போடக் கூடாதுன்னு சட்டம் வந்தது 2017-ல்.

"எங்க ஊர்ல எல்லாத்தையும் செஞ்சு பார்த்தாங்க. 2003-ல் வான்கூவரில் நர்ஸ் மேற்பார்வையில் ஊசி போட்டுக்க இடம் திறந்தாங்க. 2018-ல் கஞ்சாவைக் கடையில விற்க விட்டாங்க. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2023-லிருந்து 2.5 கிராம் வரை கையில வெச்சிருந்தா குற்றமில்லைன்னாங்க. ஜனங்க கோபப்படவும் 2024-ல் பொது இடத்துக்கு அதைத் திரும்ப எடுத்துட்டாங்க. எது சரின்னு எனக்குத் தெரியலை. ஆனா அந்த போனைப் பண்றதுல இருக்கிற பயத்தை எடுத்தாகணும். அது மட்டும் தெரியும்."

இப்போ என் கொசுவத்தி. 2008. எங்க சித்தி பையன் ஹாஸ்டலில் இன்ஜினியரிங் மூணாம் வருஷம். ஒரு ராத்திரி எனக்கு போன் பண்ணினான். "அண்ணே, மாத்திரை போடாம இருக்க முடியலைண்ணே. வீட்டுல சொல்லிராதீங்க. எங்கயாவது காட்டுங்க." எனக்கு அப்போ பெண் பார்த்துட்டிருந்தாங்க. குடும்பத்துல இப்படின்னு வெளியே தெரிஞ்சா என்னாகும்னுதான் மண்டையில ஓடிச்சு. "ஒழுங்கா படிப்பைப் பாருடா"ன்னு வெச்சுட்டேன். நாலு மாசம் கழிச்சு மயங்கிக் கிடந்தவனை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாங்க. சொந்தக்காரங்ககிட்ட மஞ்சக்காமாலைன்னு சொன்னாங்க. நானும் சொன்னேன். படிப்பு போச்சு. பிழைச்சுக்கிட்டான்.

தானா முன்வந்து அங்கீகரிச்ச இடத்தில் சிகிச்சை எடுத்துக்கிறவனுக்கு வழக்கிலிருந்து விலக்கு கொடுக்க நம்ம சட்டத்திலும் 64ஏ-ன்னு ஒரு பிரிவு இருக்கு. இதை நான் படிச்சது போன மாசம்தான். ஆனா அன்னிக்கு அவன் போலீசுக்குப் பயப்படலை. வீட்டுக்குத்தான் பயந்தான். போனை எடுத்த நானும்தான்.

கனடாக்காரர் ஊருக்குப் போனதும் ஒரு ஞாயித்துக்கிழமை அவனுக்கு போன் பண்ணினேன். கோவில்பட்டியில மொபைல் கடை வெச்சிருக்கான். ஆறு வருஷமாச்சு பேசி. "அன்னிக்கு நீ கேட்டப்போ நான் வந்திருக்கணும்டா" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"கடையில ஆள் நிக்குதுண்ணே. ராத்திரி பத்து மணிக்கு மேல நானே பண்றேன்" என்றான்.

பண்ணினான்.